கட்டைவிரல் பட்ட இடம்

ஜனவரி 9

என்னங்க,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், இல்லையென்றால் அதையே நாலு பக்கம் கேட்பீர்கள்.

நம் குருவியின் ட்ரம்பெட்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அவள் செத்ததிலிருந்து யாரும் ஊதவில்லை. நடு வால்வை அமுக்கினால் மேலே வரமாட்டேன் என்கிறது. ஊரார் வாத்தியத்துக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறீர்கள், பெற்ற மகளுடையதற்குப் பார்க்க மாட்டீர்களா? நன்றாகப் பார்த்துக் கொடுங்கள். அதை மடியில் வைத்துக்கொண்டால்தான் எனக்குப் பொழுது போகிறது.

அவள் போன கையோடு நீங்கள் வேலைக்குக் கிளம்பிப் போன கோபம் ஆறிவிட்டது. நீங்களே கொண்டு வாருங்கள். உங்கள் தலையணையை இன்னும் தூக்கிப் போடவில்லை.

குருவியின் அம்மா

பிப்ரவரி 2

என் கோபக்காரிக்கு,

வால்வு சரியாகிவிட்டது. ஆனால் வாத்தியத்தின் உடம்பைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. மேல்பூச்சு திட்டுத் திட்டாகப் போய், பித்தளை கறுத்துக் கிடந்தது. வேர்வை அரிக்கும், ஊதி முடித்ததும் துடைத்து வை என்று அவளிடம் போனில் எத்தனை தடவை சொன்னேன்! கேட்டாளா கழுதை?

பழைய பூச்சை முழுக்க எடுத்தேன். கறை போகக் கையாலேயே தேய்த்துப் புதுப் பூச்சு அடித்தேன். பட்டறை முதலாளி பார்த்துவிட்டு, "யோவ், இதை யாருமே தொட்டதில்லைன்னு சத்தியம் பண்ணலாம்யா!" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். அவளுக்கு என்னால் செய்ய முடிந்தது இதுதான்.

நானே கொண்டுவரப் பையெல்லாம் கட்டினேன். வாசலில் அவள் செருப்பு இல்லாததைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முதலில் இது வரட்டும், பின்னாலேயே நான் வருகிறேன்.

குருவியின் அப்பா

பிப்ரவரி 15

பார்சல் வந்தது. வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நீங்கள் தேய்த்து எடுத்தது அவள் இடது கை. அவளுக்கு உள்ளங்கை எப்படி வேர்க்கும் தெரியுமா? பரீட்சைத் தாளே நனைந்துவிடும். அந்தக் கையால் வருஷக்கணக்காகப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம் அது. அவள் கட்டைவிரல் பட்ட இடத்தில் என் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு மிச்சம் இருந்தது அவ்வளவுதான். இப்போது அதில் என் முகம் தெரிகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள், தெரியும். அவள் ஊதும்போது ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் செய்திருக்க மாட்டீர்கள்.

திருப்பி அனுப்பியிருக்கிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வர வேண்டாம்.

ஏப்ரல் 20

குருவியின் அம்மாவுக்கு,

பார்சல் திரும்பி வந்தபின் நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

இடது பக்கத்துப் பூச்சை மறுபடி எடுத்துவிட்டேன். தினமும் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். "அண்ணே, கை பட்டா கறுத்துடும்ணே!" என்று பட்டறைப் பையன்கள் பதறுகிறார்கள். கறுக்கட்டும்.

ஆனால் அவள் எங்கே பிடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. என் கையாலேயே தேய்த்த இடம்தான். அப்போது கறையைத்தான் பார்த்தேன், பாவி, அது கை என்று தெரியவில்லை. எப்படிப் பிடித்துப் பார்த்தாலும் என் கையாகத்தான் இருக்கிறது.

என்னை வரச் சொல்ல வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். அவள் கட்டைவிரல் எங்கே இருந்தது? அதை மட்டும் எழுது. ஒரு தபால் அட்டை போதும்.

அவள் அப்பா