பூசணித் தோட்டத்திலை றெபேக்கா சொன்னது

பார்க் எக்ஸ்டென்ஷன்,
மொன்றியல்.
கார்த்திகை மாதம்.

அன்பு மகன் டினோஜனுக்கு அப்பா எழுதுறது,

ஆண்டவரின்ரை தயவாலை நானும் அம்மாவும் உடம்பளவிலை ஒரு குறையுமில்லாமல் இருக்கிறம். எட்மன்டன் குளிருக்குள்ளை நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, வேலையிலை ஒரு காயம் கீறல் படாமல் சுகமாய் இருக்கவேணும் எண்டு அம்மா ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுறா. அவவின்ரை முழங்கால் முந்தியைப்போலைதான், படி ஏறி இறங்கினால் அண்டைக்கு முழுக்க நோ. லிப்ட் இருக்கிற வீடாய்ப் பாத்து லவாலுக்குப் போவம் எண்டு கேட்டால், கோயிலுக்குக் கிட்ட இருக்கவேணும், மாட்டன் எண்டுறா. மேல்வீட்டுக் குணேஸ்வரியின்ரை மகளுக்குக் கலியாணம் முற்றாகியிருக்கு, உனக்கும் சொல்லச் சொன்னவை. இஞ்சை இன்னும் பெரிய பனி விழேல்லை, காத்துத்தான் எலும்புக்குள்ளாலை போகுது.

உதுகளை போனிலை சொல்லியிருக்கலாமே, என்னத்துக்கு இந்தாள் கடிதம் எழுதுது எண்டு நினைப்பாய். போனிலை நான் கதையைத் துவங்க முந்தியே, அப்பா வேலையிலை நிக்கிறன் பேந்து எடுக்கிறன் எண்டு வைச்சுப்போடுவாய். கடிதத்தை அப்பிடி இடையிலை வைக்க ஏலாது. சனிக்கிழமையள் உன்னைப் பனிக்குள்ளாலை இழுத்துக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனது வீண்போகேல்லை எண்டால் இதைக் கடைசிமட்டும் வாசி. கைப்பாய்த்தான் இருக்கும். எனக்கு எழுதவும் கைப்பாய்த்தான் இருக்கு.

ஆவணி மாதம் வீடியோவிலை வந்து, இந்த முறை ஹலோவீனுக்கு நான் வாறன், உங்களைப் பூசணித் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னது நீ. ஒருத்தரும் உன்னைக் கேக்கேல்லை. மூத்தவள் றெபேக்கா தேனீ வேசத்திலை வாறது, நீ தேன் எடுக்கிற ஆளாய் வலைத் தொப்பி போட்டுக்கொண்டு வாறது, சின்னவன் மைக்கல் தேன் களவெடுக்கிற கரடிக்குட்டி எண்டு முடிவெடுத்ததும் நீதான். பிள்ளையள் ரெண்டும் கதிரையிலை ஏறி நிண்டு துள்ளினதை நீயும் பாத்தனீதானே. றொஷினி மருந்துக்கடை வேலையாலை வந்த களையோடை கடை கடையாய்த் திரிஞ்சு உடுப்புகள் வாங்கினாள், உனக்கு அந்த வலைத் தொப்பியையும் தேடி வாங்கினாள். நீங்கள் ரெண்டுபேரும் பிரிஞ்சது உங்கடை விசயம், அதுக்குள்ளை நான் ஒரு நாளும் வாய் வைச்சதில்லை, இப்பவும் வைக்கேல்லை. ஆனால் விட்டிட்டுப் போனவனுக்குத் தொப்பி வாங்கவேணும் எண்டு அந்தப் பிள்ளைக்கு என்ன விதியோ எண்டு எனக்குள்ளை நினைச்சன். றெபேக்கா வகுப்பிலை எல்லாருக்கும் சொல்லி, ரீச்சருக்குச் சொல்லி, நான் பால் வாங்கக் கூட்டிக்கொண்டு போனால் மூலைக்கடை டெப்பனரிலை காசு வாங்குற பொம்பிளைக்கும் பிரெஞ்சிலை மொ பப்பா வாறார் எண்டு சொல்லிப்போட்டாள். அம்மாவும் குறைஞ்சவவோ, பூசை முடிய வாசலிலை நிண்டு மகன் வாறான் மகன் வாறான் எண்டு கண்ட கண்ட ஆக்களுக்கெல்லாம் சொன்னவ.

நீ வர இருந்த வெள்ளிக்கிழமை காலமை உன்ரை மெசேஜ் வந்தது. வேலையிலை ஒராள் வராமல் நிண்டிட்டான், லீவு தரேல்லை, அடுத்த வருசம் கட்டாயம், அதுக்குக் கீழை சிரிக்கிற பூசணிக்காய்ப் படம் ஒண்டு. வேலை எண்டால் வேலைதான், நானும் டவுன்டவுன் குசினியளிலை காலம் முழுக்க நிண்டவன், ஒராள் வராட்டில் என்ன நடக்கும் எண்டு எனக்கு நீ படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் றெபேக்காவின்ரை பிறந்தநாளுக்கும் உதே கதைதான், கோடை விடுமுறைக்கும் உதே கதைதான். றொஷினி பிள்ளையை மடியிலை வைச்சு, பப்பாவுக்கு வேலை, வரமாட்டாராம் எண்டு சொன்னாளாம். உன்னைப்பற்றி ஒரு கூடாத சொல்லும் சொல்லேல்லை. றெபேக்கா அழவுமில்லையாம், தேனீ உடுப்பை மடிச்சு அலுமாரிக்குள்ளை வைச்சுப்போட்டு, நான் ஒரு வேசத்திலையும் வரேல்லை எண்டு சொன்னாளாம்.

அடுத்த நாள் தோட்டத்துக்குப் போகாமல் விட்டிருக்கலாம். மைக்கல் காலமை எழும்பின கையோடை கரடி உடுப்பைப் போட்டுக்கொண்டு கதவடியிலை நிண்டானாம், அவனை என்ன செய்யிறது. அம்மாவுக்குக் கால் ஏலாது, நான் வாறன் எண்டு றொஷினியோடை வெளிக்கிட்டன். மிராபெல் பக்கம் ஒரு தோட்டம், சின்னனுகளுக்கு எண்டே செய்திருக்கிறாங்கள். ட்ராக்டருக்குப் பின்னாலை வைக்கோல் போட்ட வண்டில், ஆட்டுக்குட்டியள், பிள்ளையள் ஓடித் திரியிறதுக்குச் சோளத்துக்குள்ளை வெட்டின பாதை, கட்டித்தொங்கவிட்ட பேய்கூடச் சிரிச்சுக்கொண்டு கையாட்டுது. ஒரு மூலையிலை பஞ்சு மாதிரி ஒரு சாமானிலை கல்லறையள் செய்து, அதிலை பகிடிப் பேருகளும் எழுதி வைச்சிருந்தாங்கள். குளிர் எண்டபடியாலை பிள்ளையள் எல்லாம் ஜக்கெட்டுக்கு மேலாலை வேசம் போட்டு உருண்டை உருண்டையாய்த் திரிஞ்சுதுகள். எங்கை பாத்தாலும் அப்பாமார். கடற்கொள்ளைக்காரனாய் ஒருத்தர், மாடாய் ஒருத்தர், மகளோடை சேர்ந்து தானும் செட்டை கட்டினபடி ஒரு பெரிய மீசைக்காரர். எங்கடை றெபேக்கா மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போற நீல ஜக்கெட்டோடை, எல்லாத்தையும் பாத்துக்கொண்டு, ஒண்டிலையும் ஏறாமல் நடந்தாள். பஞ்சு மிட்டாய்க்கு இஞ்சை அப்பாவின்ரை தாடி எண்டுதானே பேர், மைக்கல் அதைக் கேட்டு வாங்கி முகமெல்லாம் பூசிக்கொண்டான்.

அங்கை படம் எடுக்கிற இடம் ஒண்டு. பெரிய பலகையிலை ஒரு பூசணிக்காய்க் குடும்பம் கீறி, முகம் வைக்கிறதுக்கு ஓட்டையள் வெட்டியிருந்தது. மைக்கல் அதுக்கு ஆசைப்பட்டு இழுக்க வரிசையிலை நிண்டம். சூனியக்காரி வேசம் போட்ட ஒரு வயசுபோன வெள்ளைக்காரிதான் படம் எடுத்தது, நல்ல மனிசி, எல்லாப் பிள்ளையளோடையும் பகிடிவிட்டுக் கதைச்சுது. றொஷினியும் பிள்ளையளும் முகத்தை வைச்சினம், மேலை மீசை கீறின பெரிய ஓட்டை வெறுமையாய்க் கிடந்தது. மனிசி சிரிச்சுக்கொண்டு, பப்பா எங்கை, ஒளிச்சிட்டாரோ, அவரைக் கூப்பிடு எண்டு றெபேக்காவைக் கேட்டுது. றெபேக்கா முகத்தை ஓட்டைக்குள்ளாலை எடுத்து, பலகைக்கு முன்னாலை வந்து நிண்டு, மொ பப்பா எ மோர் எண்டாள். என்ரை அப்பா செத்துப்போனார். நான் குசினியளிலை பொறுக்கின பிரெஞ்சு அந்தளவுக்குப் போதும் மகன், எனக்கு ஒருத்தரும் மொழிபெயர்க்கத் தேவைப்படேல்லை. சொல்லிப்போட்டு அவள் என்னைத்தான் பாத்தாள், அப்பப்பா வாயைத் திறக்கப்போறாரோ எண்டு. நான் அந்த வெறும் ஓட்டையைத்தான் பாத்தன். அந்த மனிசி தலையிலை இருந்த சூனியக்காரித் தொப்பியைக் கழட்டி நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு, முழங்காலிலை இருந்து பிள்ளையைக் கட்டிப்பிடிச்சுது. வரிசையிலை நிண்ட ஒரு தாய் தன்ரை பிள்ளையின்ரை பையிலை இருந்து இனிப்புகளை அள்ளி றெபேக்காவின்ரை கையிலை திணிச்சாள். மனிசி அங்கை இருந்த பூசணிக்காயளிலை வடிவான ஒண்டைத் தூக்கிக் குடுத்துது. எல்லாத்தையும் றெபேக்கா ஒரு பெரிய மனிசி மாதிரி மெர்சி மெர்சி எண்டு வாங்கினாள். கடைசியாய் அந்த மீசை ஓட்டைக்குள்ளை நான்தான் முகத்தை வைச்சன். அந்தப் படத்தை உனக்கு அனுப்பவேண்டாம் எண்டு றொஷினிக்குச் சொல்லிப்போட்டன்.

திரும்பி வரேக்கை காருக்குள்ளை றொஷினி ஏசாமல், ஏன் குஞ்சு அப்பிடிச் சொன்னனீ எண்டு மெதுவாய்க் கேட்டாள். றெபேக்கா சொன்னதை அப்பிடியே எழுதுறன். வரேல்லை எண்டு சொன்னால் ஏன் வரேல்லை, எப்ப வருவார் எண்டு எல்லாரும் கேக்கினம், வகுப்பிலை ஒரு பிள்ளையின்ரை அப்பப்பா செத்தவர், அவளை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை எண்டாள். கோவமில்லை, அழுகையில்லை, கணக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னாள். சிவப்பு லைட் பச்சையாகியும் றொஷினி காரை எடுக்கேல்லை, பின்னாலை ஹோர்ன் அடிக்கத்தான் எடுத்தாள். நாங்கள் ரெண்டுபேரும் றெபேக்காவையே யோசிச்சுக்கொண்டு வந்ததிலை, பக்கத்திலை கரடி உடுப்போடை சத்தமில்லாமல் இருந்த மைக்கலைக் கவனிக்கேல்லை. மூண்டு வயசுப் பிள்ளை. அக்கா சொன்னால் அவனுக்கு அது வேதவாக்கு.

ஹலோவீன் அண்டு பின்னேரம், அம்மா கோயிலுக்குப் போயிருக்க, பிள்ளையள் எங்கடை வீட்டிலை நிக்கேக்கை நீ வீடியோவிலை வந்தாய். றெபேக்கா ஒரு பொன்ஜூரோடை போயிட்டாள். மைக்கல் எங்கை எண்டு கேட்டாய், களைச்சு நித்திரையாப்போனான் எண்டு நான் சொன்னன். அது பொய் மகன். உன்ரை குரல் கேட்ட உடனை அவன் மேசைக்குக் கீழை ஓடி, ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்தவன். செத்த ஆக்கள் ஹலோவீனுக்குத் திரும்பி வருவினம் எண்டு சின்னனுகளைப் பராமரிக்கிற கார்டெரியிலை கதை சொல்லியிருக்கினம், தன்ரை செத்துப்போன பப்பா போனுக்குள்ளாலை வந்திட்டார் எண்டு நினைச்சிட்டான். நீ வைச்சாப்பிறகு நான் மேசைக்குக் கீழை குனிஞ்சு, பப்பா சாகேல்லையடா, எட்மன்டனிலை இருக்கிறார் எண்டு சொன்னன். அவன் என்னைப் பாத்து, செத்த ஆக்கள் எல்லாரும் எட்மன்டனிலையோ இருக்கினம் எண்டு கேட்டான்.

இதுகள் ஒண்டையும் நான் அம்மாவுக்குச் சொல்லேல்லை, தாங்கமாட்டா எண்டு விட்டன். சகல ஆத்துமாக்களின்ரை நாள் பூசைக்கு றொஷினி பிள்ளையளைக் கொண்டுவந்து எங்களோடை விட்டவள். பூசை முடிய எல்லாரும் தங்கடை தங்கடை செத்த ஆக்களுக்கு மெழுகுதிரி ஏத்துகினம், அம்மாவும் தன்ரை தாய் தேப்பனுக்கு ஏத்தினா. மைக்கல் அவவின்ரை சீலையைப் பிடிச்சு இழுத்து, அப்பம்மா, பப்பாவுக்கு ஒண்டு எண்டான். அவ விளங்காமல் எந்தப் பப்பா எண்டு கேக்க, என்ரை பப்பா, டினோஜன் பப்பா, செத்த பப்பா எண்டு உரத்துச் சொன்னான். பக்கத்திலை நிண்ட செபஸ்தியாம்பிள்ளை பதறிப்போய் டினோஜனுக்கு என்ன நடந்தது எண்டு என்ரை கையைப் பிடிச்சார். அம்மா செத்த ஆக்களின்ரை தட்டிலை எரிஞ்சுகொண்டிருந்த திரியளைப் பாத்தா. உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு அந்தத் தட்டிலை ஏத்த எந்தத் தாய்க்குக் கை வரும்? அவ மாட்டன் எண்டு சொல்ல, அவன் நிலத்திலை விழுந்து கத்தினான், எல்லாரின்ரை பப்பாவுக்கும் இருக்கு என்ரை பப்பாவுக்கு ஏன் இல்லை எண்டு. நான்தான் தூக்கிக்கொண்டு வெளியிலை வந்தன். அண்டைக்கிருந்து அம்மா உன்னைப்பற்றி ஒண்டும் கதைக்கிறேல்லை. மகன் வாறான் எண்டு அவ சொன்ன ஆக்களெல்லாம் இப்ப அவவைக் கண்டால் தலையைக் குனிஞ்சுகொண்டு போகினம்.

நேற்று றெபேக்காவைத் தனிய இருத்தி, நீ சொன்னால்தான் தம்பி நம்புவான், அது பொய் எண்டு அவனுக்குச் சொல்லு செல்லம் எண்டு கெஞ்சினன். அவள், நான் சொல்லமாட்டன் எண்டாள். பப்பா வரட்டும், தம்பி தொட்டுப் பாக்கட்டும், அதுக்குப் பிறகு நான் சொல்லுறன் எண்டாள். ஆறு வயசுப் பிள்ளை.

அதாலை இதை எழுதுறன். வாறதெண்டால் சொல்லாமல் வா. திகதி சொல்லாதை, எனக்கும் சொல்லாதை, றொஷினிக்கும் எயார்போட்டிலை இறங்கினாப்பிறகு சொன்னால் காணும். வந்து கதவைத் தட்டு. வாறன் எண்ட அந்தச் சொல்லை மட்டும் இனி இந்தப் பிள்ளையளுக்குப் போனிலை சொல்லிப்போடாதை. நீ வராட்டில் ஒண்டும் குறைஞ்சுபோகாது, அவையள் வளருவினம். ஆனால் வாற வருசமும் மைக்கல் அந்தத் திரியைக் கேட்டால், அம்மா தடுத்தாலும் நான் அவனைத் தூக்கிப் பிடிச்சு ஏத்த விடுவன்.

மாதா உன்னை நித்தமும் காப்பாற்றவேணும். வயர்வேலை செய்யேக்கை எத்தினை பேர் அவசரப்படுத்தினாலும் மெயினை நிப்பாட்டாமல் கையை வைக்காதை. காருக்குப் பனி டயரை இப்பவே மாத்திப்போடு.

இப்படிக்கு,
உன்ரை நல்லதைத் தவிர வேறை ஒண்டையும் கேளாத அப்பா,
பேனாட்