பத்ரி கேட்ட கேள்விகள்

பீர்க்கன்கரணை
9 மார்ச் 2025, ஞாயிறு

ஜெபகுமார் அவர்களுக்கு,

ஷீலா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். இருந்தாலும் பதிமூன்று வருஷம் ஆகிவிட்டதால் பெயரையும் எழுதுகிறேன். உங்கள் உத்தண்டி முகவரியை உங்கள் பேண்டின் பழைய டிரம்மர் சுகுமாரிடம் வாங்கினேன். பயப்பட வேண்டாம், எதுவும் கேட்டு எழுதவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தால் கேட்டில் ஒரு ஆள் நிற்கிறார். பத்ரி என்று பெயர், பத்திரிகைக்காரர், முப்பது வயதிருக்கும். உங்கள் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறாராம். நீங்கள் அனுமதி தரவில்லையாம். அதனால்தான் புத்தகம் நன்றாக வரும் என்கிறார். கீழ் வீட்டு அருள்மேரி அக்கா அவரைப் படியிலேயே மடக்கி, "ஜெபாவா? அந்த ஆளு இந்தப் படிய மிதிச்சே பதிமூணு வருசம் ஆவுது. நீ இன்னாத்த எழுதப் போற?" என்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு அவரே மேலே அனுப்பியும் வைத்தார். வீட்டு ஓனர் என்றால் அப்படித்தான்.

ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி மேடையில் பாடி ஜெயிலுக்குப் போனீர்களே, அதைக் கேட்டார். 'சிக்னல்' பாட்டு எப்படிப் பிறந்தது என்று கேட்டார். நீங்கள் என்னை அடிப்பீர்களா என்று கேட்டார். 2011 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் பல்லாவரம் சந்தைக்கு ஸ்டார் வாங்கப் போனவர் ஏன் வீடு திரும்பவில்லை என்றும் கேட்டார். கடைசிக் கேள்விக்கு என்னிடமே பதில் கிடையாது. மற்றதற்கும் வாயைத் திறக்கவில்லை. மறுபடி வருகிறேன் என்று போயிருக்கிறார்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று எழுதுங்கள். அதன்படி செய்கிறேன். போன் செய்திருப்பேன். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் நீங்கள் யாருக்கோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் வெளியே வந்து, ரசிகர்களை மாடுகள் என்று சொன்னது டீக்கடை டீக்கடையாக ஓடியதே, அதற்குப் பிறகு உங்களுக்குப் போன் ஆகாது என்று தோன்றியது.

ஷீலா


உத்தண்டி
15 மார்ச் 2025

ஷீலா,

கடிதம் கிடைத்தது. வக்கீல் நோட்டீஸும் வீட்டு வரி ரசீதும் தவிர இந்த வீட்டுக்குத் தபால் வருவதில்லை. போஸ்ட்மேன் உன் கவரை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

போன் வேண்டாம் என்பது சரி. பேப்பர்தான் பத்திரம். படித்ததும் கிழித்துவிடு, நானும் கிழித்துவிடுகிறேன்.

இனி அந்தப் பையனுக்குப் பதில்கள். ஜெயிலில் இருந்தது பதினைந்து நாள். பேட்டிகளில் ஒரு மாதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீ மாற்றாதே. 'சிக்னல்' பாட்டு ஜெயில் தட்டைத் தட்டிப் பிறந்தது என்று நூறு மேடையில் சொல்லியாகிவிட்டது. நம் சமையலறையில் காலி சிலிண்டரைக் கரண்டியால் தட்டித்தான் வந்தது என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அப்படியே இருக்கட்டும். அடித்தேனா என்றால் உள்ளதைச் சொல். ஏன் போனேன் என்றால் அது குடும்ப விஷயம் என்று சொல்லிவிடு.

இன்னும் அதே வீடா? மறைமலை நகரில் அதே கம்பெனியா?

ஜெபா


பீர்க்கன்கரணை
6 ஏப்ரல் 2025, ஞாயிறு

ஜெபகுமாருக்கு,

பத்ரி வந்தார். நீங்கள் சொன்னதைச் சொன்னபடி ஒப்பித்துவிட்டேன். ஜெயில், தட்டு, ஒரு மாதம். பாட்டைப் பற்றிப் பொய் சொல்லும்போது சமையலறைப் பக்கம் தலை திரும்பிவிட்டது. அடிக்கவில்லை என்றேன், அது நிஜம் என்பதால் சுலபமாக வந்தது. குடும்ப விஷயம் என்றதும் ரெக்கார்டரை அணைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அதே வீடுதான். அதே கம்பெனிதான். குவாலிட்டியில் இருக்கிறேன். பிரேக்குக்குப் போகிற சின்னச் சின்ன பின்களை அளந்து, அளவு தப்பினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒரு பீஸை மட்டும் அளந்து முடிவு சொல்லக் கூடாது, குறைந்தது மூன்று அளக்க வேண்டும் என்பது எங்கள் செக்ஷன் பழக்கம். வீட்டிலும் அதே புத்தி வந்துவிட்டது. கதவைப் பூட்டினேனா என்று மூன்று தடவை பார்க்கிறேன்.

அப்பா 2019இல் இறந்துவிட்டார். சுகுமார் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் வருவீர்களோ என்று கல்லறை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குறைதான், ஆனால் பழைய குறை.

ஷீலா


உத்தண்டி
14 ஏப்ரல் 2025

ஷீலாவுக்கு,

சவுரிமுத்து மாமா போனது தெரியும். சட்டை போட்டுக்கொண்டு கார் வரைக்கும் வந்தேன். உன் வீட்டு வாசலில் நிற்க வேண்டுமே என்று நினைத்ததும் திரும்ப உள்ளே போய்விட்டேன். ஐயாயிரம் பேர் முன்னால் சட்டையைக் கழற்றி எறிகிறவனுக்குப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் பந்தலைக் கண்டு பயம். மன்னித்துக்கொள் என்று எழுதலாம். ஆறு வருஷம் கழித்து எழுதினால் எனக்கே கேவலமாக இருக்கிறது.

இங்கே எதுவும் விசேஷமில்லை. வாய்ஸ் மெசேஜுக்குப் பிறகு கச்சேரிக்குக் கூப்பிடுவார் யாருமில்லை. எட்டாம் பிளாட்பாரம் என்று பேண்டுக்குப் பெயர் வைத்த ஐந்து பேரில் இன்று நான் ஒருவன்தான் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதிரே கடல் இருக்கிறது. அதனிடம் பேசிப் பார்த்தேன், அது என்னைவிடச் சத்தம் போடுகிறது.

அந்தப் பையன் மறுபடி வந்தால் எழுது. வராவிட்டாலும் எழுதலாம்.

ஜெபா


பீர்க்கன்கரணை
20 ஜூலை 2025, ஞாயிறு

ஜெபாவுக்கு,

பத்ரி மறுபடி வந்திருந்தார். இந்தத் தடவை கேள்விகள் கொஞ்சம் வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுகிறீர்கள், யார் சமைக்கிறார்கள் என்று கேட்டார். இடது காதில் இரைகிறது என்பீர்களே, அது இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டேதான் இன்னும் தூங்குகிறீர்களா என்றும் கேட்டார். இதையெல்லாம் புத்தகத்தில் போடுவார்களா, எனக்குத் தெரியாது. கேட்டதால் எழுதுகிறேன்.

அருள்மேரி அக்காவுக்கு என் தபாலின் மேல்தான் கண். "இன்னா ஷீலா, இந்தக் காலத்துல யாரு உனுக்கு கவர்ல எழுதிகினு கீறாங்க? எல்.ஐ.சி.யா?" என்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். "அது இன்னா எல்.ஐ.சி., அத்தப் படிச்சிட்டு நீ பாட்டுக்கு சிரிச்சிகினு போற?" என்றார். 

மழை இல்லை. ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது. கம்பெனி பஸ் பெருங்களத்தூரில் தினமும் கால் மணி நேரம் நின்றுவிடுகிறது. அந்தக் கால் மணி நேரத்தில் அடுத்த கடிதத்தில் என்ன எழுதலாம் என்று யோசிப்பேன்.

ஷீலா


உத்தண்டி
28 ஜூலை 2025

ஷீலு,

பத்ரிக்கு இந்தப் பதில்களைச் சொல். ரத்தினபாய் என்று ஒரு அம்மா பதினோரு மணிக்கு வந்து சமைத்துவிட்டுப் போவார். மதியம் சாப்பிட்டதுதான் ராத்திரிக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதில்லை, அதனால் பிரெட். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்று ஒன்று இருந்தது, அது பீர்க்கன்கரணையோடு போயிற்று என்று புத்தகத்தில் போடச் சொல். இடது காது முழுக்கப் போய்விட்டது, இரைச்சல் மட்டும் மிச்சம். விளக்கு அணைப்பதில்லை.

பதிலுக்கு நானும் பத்ரியை ஒன்றிரண்டு கேட்க வேண்டும். அவருக்கு ஷுகர், பிரஷர் ஏதாவது உண்டா? நன்றாகத் தூங்குகிறாரா? மாடிப் படி ஏறும்போது பழையபடி மூச்சு வாங்குகிறதா? மறக்காமல் கேட்டு எழுது.

போஸ்ட்மேன் வரும் நேரம் மூன்றரை. அதற்குள் குளித்துவிடுகிறேன். இதைப் புத்தகத்தில் போட வேண்டாம்.

ஜெபா


பீர்க்கன்கரணை
5 அக்டோபர் 2025, ஞாயிறு

ஜெபாவுக்கு,

பத்ரிக்கு ஷுகர் இல்லை. பிரஷருக்கு ஒரு மாத்திரை. தூக்கம் குறைவு. படியில் மூச்சு வாங்குகிறது, நடுவில் ஒரு தடவை நிற்கிறார்.

இரண்டு மாதமாக ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தேன். ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இந்தத் தடவை தபாலில் போட்டுவிடுவேன்.

டிசம்பர் 23 காலையில் நடந்ததைப் பத்ரியிடம் சொன்னேன். நீங்கள் விடிந்ததிலிருந்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தலைவலி. "நீங்க பாடாம இருந்தா இந்த வீடு எவ்ளோ நல்லா இருக்கும்" என்று சொன்னேன். நீங்கள் ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தீர்கள். ஸ்டார் வாங்கி வருகிறேன் என்று போனீர்கள். மூன்றாம் நாள் பெங்களூரில் பாடுகிறீர்கள் என்று டி.வி.யில் பார்த்தேன்.

அந்த வார்த்தைக்காகத்தான் போனீர்களா என்று பத்ரி கேட்கிறார். அன்றிலிருந்து இந்த வீடு சத்தமே இல்லாமல்தான் இருக்கிறது. நான் கேட்டது கிடைத்துவிட்டது என்று ஒவ்வொரு ராத்திரியும் நினைத்திருக்கிறேன்.

பத்ரி பதிலுக்குக் காத்திருக்கிறார். ஜோடனை வேண்டாமாம், உள்ளது போதுமாம்.

ஷீலா


உத்தண்டி
16 அக்டோபர் 2025

ஷீலு,

பத்ரி மே மாதமே என் வீட்டுக்கு வந்தார். பதிப்பகம் பின்வாங்கிவிட்டதாம், புத்தகம் வராதாம். "உங்க வொய்ஃபை ஏப்ரலுக்கு அப்புறம் நான் தொந்தரவு பண்ணல சார். அவங்க போட்ட டீ நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் ஜூலையில் உன் கவர் வந்தபோதே தெரியும், கருவாட்டுக் குழம்பை யார் கேட்கிறார் என்று. தெரிந்ததால்தான் பதில் எழுதினேன். உன்னைப் பிடித்துவிட்டேன் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த ஒரு பதிலை உனக்கு நேராக எழுத வேண்டும் என்பதற்காக.

நீ சொன்ன அந்த வார்த்தை எனக்கு நினைவில்லை. சத்தியமாக இல்லை. உன் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். சந்தையில் சிவப்பு ஸ்டார் ஒன்று வாங்கினேன். பல்லாவரம் ஸ்டேஷனில் நடுப் பிளாட்பாரத்தில் நின்றேன். ஒரு பக்கம் நம் வீட்டுக்கு வரும் ரயில், மறுபக்கம் சென்னை பீச் ஸ்டேஷனுக்குப் போகும் ரயில். பீச் ரயில் முதலில் வந்தது. ஏறிவிட்டேன். எதையும் தீர்மானிக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை, கோபமும் இல்லை. கதவு எதிரே வந்து நின்றது, அவ்வளவுதான். நம் ரயில் முதலில் வந்திருந்தால் வீட்டுக்கு வந்திருப்பேன். இறங்கும்போது ஸ்டாரை மேல் ரேக்கில் மறந்துவிட்டேன். பீச்சில் இறங்கிய பிறகு திரும்பி வர வெட்கம். மறுநாள் அதைவிட வெட்கம். பிறகு அதுவே பழகிவிட்டது.

பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று ரசிகர்கள் எத்தனையோ கதை கட்டினார்கள். நானும் கட்டிப் பார்த்தேன். இதற்கு மேல் எதுவும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா? ஸ்டார் வாங்கி வருகிறேன். இந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை, ஷீலு.

ஜெபா


பீர்க்கன்கரணை
23 நவம்பர் 2025, ஞாயிறு

ஜெபாவுக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. ஒன்றை அளந்து பார்க்க வேண்டியிருந்தது.

பத்ரி விஷயத்தில் மாட்டிக்கொண்டதற்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சிரித்தேன். மாத்திரை, மூச்சு எல்லாம் கேட்டு எழுதினீர்களே, அப்போதே எனக்கும் லேசாகச் சந்தேகம்தான். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள மனசில்லை. மூன்று மாதம் நன்றாக இருந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் எழுதியது உண்மை என்று நம்புகிறேன். பொய்யாக இருந்தால் இன்னும் அழகாகச் சொல்லியிருப்பீர்கள். என் வார்த்தை உங்களைத் துரத்தவில்லை என்று தெரிந்த அன்று ராத்திரி, பதினாலு வருஷத்துக்குப் பிறகு விடியும் வரை தூங்கினேன். அதற்கு நன்றி.

ஆனால் அந்த ரயில் மனசை விட்டுப் போகவில்லை. முதல் ஷிப்டு முடித்து மூன்று வெள்ளிக்கிழமை பல்லாவரம் போனேன். சந்தையைச் சுற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாகத் திரும்புகிற ஐந்து மணிக்கு நடுப் பிளாட்பாரத்தில் நின்றேன். பீச் ரயில் கிளம்பியதும் வாட்சைப் பார்ப்பேன். நம் வீட்டுப் பக்கம் வரும் ரயில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பேன். முதல் வாரம் நான்கு நிமிஷம். இரண்டாவது வாரம் ஏழு. நேற்று முன்தினம் நல்ல மழை, ஒன்பது.

நீங்கள் போன அன்றைக்கு எவ்வளவு ஆயிற்றோ, தெரியாது. மூன்று அளந்தாயிற்று, ஒன்பதைத் தாண்டவில்லை. அந்த ஒன்பது நிமிஷமும் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னாம்மா, ரயில வுட்டுட்டியா? இத்தோ, அடுத்தது வந்துரும்" என்றார்.

நான் பதினாலு வருஷம் வீடு மாற்றாமல் இருந்தேன், ஜெபா. காரணம் பெரியதாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். இன்னொரு பெண் என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஒன்பது நிமிஷத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம். நீங்கள் தனியாக இருப்பது எனக்குப் புரிகிறது, நானும் அப்படித்தான் இருக்கிறேன். காதை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரெட் மட்டும் சாப்பிடாதீர்கள்.

ஸ்டார் நானே வாங்கிவிட்டேன். சிவப்புதான். மழையில் நனையாமல் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒன்பதாவது நிமிஷத்து ரயிலில் வீட்டுக்கு வந்தேன். உங்கள் கடிதங்களை இதுவரை கிழிக்காமல் வைத்திருந்தேன். இன்று நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன்.

பத்ரி இனிமேல் எதுவும் கேட்க மாட்டார்.

ஷீலா