பிடிச்சோற்றுக்கு நான் சொன்ன சாட்சி

உங்கள் மகள் அனுப்பிய ஓலைப்பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. உங்கள் ஊர்ப்பக்கம் போய்த் திரும்பிய, லுக்குட் டவுனில் கடை வைத்திருக்கும் பாய் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். பிரித்ததும் கருவாட்டு வாசனை கூடமெல்லாம் பரவியது. "என்ன மாமா இது, வீடே நாறுதுலா!" என்று மருமகள் சன்னலைத் திறந்துவிட்டாள். அடியில் ஒரு கடிதம் இருந்தது. நீங்கள் காலமாகி நாற்பது நாளாகிறதாம். "எங்கள் அப்பாவுக்காக வெள்ளைக்காரன் முன்னால் பேசிய கிராணி ஐயாவுக்கு" என்று தொடங்கியிருந்தாள். அதற்கு மேல் படிக்காமல் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

நான் உங்களுக்காகப் பேசவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மலாயா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்துகொண்டு உங்களை "வாய்யா, போய்யா" என்று கூப்பிட்டவன் இன்று "நீங்கள்" போட்டு எழுதுகிறேன். செத்தவர்களுக்கு மரியாதை கொடுப்பதில் நான் கெட்டிக்காரன்.

ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்கு நீங்கள்தான் எப்போதும் கடைசியாக வருவீர்கள். வாளியை இறக்கியதும் நீங்கள் பிறந்த தீவின் கதை தொடங்கிவிடும். புயலில் ஒதுங்கிய ஒரே தோணியில் ஏழு குடும்பங்கள். குடிக்கத் தண்ணீரில்லை. ஒரு பெண்ணின் முந்தானையில் மட்டும் கடைசிப் பிடி சோறு. வழியில் கடலில் விழுந்த புருஷனுக்கென்று அதை அவள் அலையில் போட்டாள். சோறு ஒதுங்கிய இடத்தை மறுநாள் தோண்டினால் நல்ல தண்ணீர். அந்தக் கிணறு இன்னும் இருக்கிறது, அதைச் சுற்றிக் குடும்பத்துக்கு ஒன்றாக ஏழு கல் நட்டிருக்கிறது என்பீர்கள். அன்றிலிருந்து, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக அமாவாசைதோறும் வீட்டுக்கு ஒரு பிடி சோறு கடலுக்கு; தோட்டத்துக்கு வந்தும் நீங்கள் அதை விடவில்லை.

"இங்க ஏதுய்யா கடல்?" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன்.

"நம்ம தோட்டத்து ஆறு எங்க போவுது கிராணியாரே? லுக்குட்டத் தாண்டிக் கடலுக்குத்தான? என் தம்பிக்கு அது போய்ச் சேரும்."

உங்கள் தம்பி பதினெட்டு வயதில் தோணியோடு போனவன். அதற்குப் பிறகு நான் கிண்டல் செய்யவில்லை. ஒரு அமாவாசையன்று உங்களோடு ஆற்றங்கரைக்கு வந்து நின்றும் இருக்கிறேன். நீங்கள் தம்பியின் பெயரைச் சொல்லிச் சோற்றைத் தண்ணீரில் விட்டீர்கள்.

மலாயாவில் வெள்ளைக்காரர்களின் அவசரகாலச் சட்டம் வந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அரிசியை அளந்து கொடுத்தார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, வேலிக்கு வெளியே ஒரு பருக்கை சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போனார்கள். அந்தச் சட்டத்தைத் தமிழில் எழுதி லயத்துச் சுவரில் ஒட்டியவனே நான்தான். ஒட்டும்போது அமாவாசை நினைவுக்கு வந்தது. உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி வேண்டாம்யா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்கே தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

அந்த அமாவாசைக் காலையில் முள்வேலிக் கேட்டில் உங்களைப் பிடித்தார்கள். காலி வாளிக்குள் சேம்பிலையில் சுற்றிய ஒரு பிடி சோறு.

ஆப்பீசில் போலீஸ் துரை உட்கார்ந்திருந்தான். உங்கள் பேச்சை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல என்னை நிறுத்தினார்கள். நீங்கள் என்னைப் பார்த்ததும் உங்கள் முகம் தெளிந்தது. "நல்லவேள, நீங்க இருக்கீங்க" என்றீர்கள். பிறகு ஏழு குடும்பம், முந்தானைச் சோறு, கிணறு, கல், தம்பி என்று ஒன்றுவிடாமல் சொன்னீர்கள். கால்மணி நேரம் இருக்கும். துரை பொறுமையிழந்து என் பக்கம் திரும்பினான். என்ன சொல்கிறான், இவன் இப்படிச் செய்வது உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டான்.

தெரியும் என்றால், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். நான் ஆங்கிலத்தில் சொன்னதை இன்றுதான் உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்: "சாமிக்கு என்கிறான். இப்படியொரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை."

அவ்வளவுதான். கால்மணி நேரக் கதைக்கு இரண்டே வரி.

லாரியில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"எனக்காகப் பேசினீங்க கிராணியாரே. கிணத்தையும் சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"ஏழு கல்லையும்?"

"சொன்னேன்யா. எல்லாம் சொன்னேன்."

துரையிடம் பொய் சொன்னது பயத்தில். உங்களிடம் சொன்ன இந்தப் பொய்க்கு என்ன பெயர் வைப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இரண்டு வருஷம் தடுப்பு முகாமில் வைத்திருந்து, கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இன்று காலை கடிதத்தின் மீதியைப் படித்தேன். முகாமில் பிடித்த இருமல் உங்களைக் கடைசிவரை விடவில்லையாம். கடலுக்குப் போக முடியாமல் கிணற்றடியிலேயே உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்வீர்களாம். தோணியில் தொடங்கி என்னில் முடிப்பீர்களாம். மலாயாவில் ஒரு கிராணி, வெள்ளைக்காரனுக்குப் பயப்படாமல் நம் தீவின் கதையை அவன் பாஷையிலேயே எடுத்துச் சொன்னார் என்று. அமாவாசைச் சோறு போடும்போது இப்போது பெண்கள் என்னையும் நினைத்துக்கொள்கிறார்களாம்.

உங்கள் மகளுக்கு உண்மையை எழுதி, மத்தியானமே தபாலில் போட்டுவிட்டேன். அந்தக் கதையிலிருந்து என்னை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். எடுப்பார்களோ என்னவோ, அது அவர்கள் கதை.

இத்தனை வருஷமாக, குளிக்கும்போதும் நடக்கும்போதும் நான் எனக்குள்ளேயே முணுமுணுக்கிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அது உங்கள் தீவின் கதைதான். தோணியிலிருந்து ஏழாவது கல்வரை, ஒரு வரி விடாமல், நல்ல ஆங்கிலத்தில் இப்போது என்னால் சொல்ல முடியும். கேட்கத்தான் அந்தத் துரை இல்லை.