அம்மா போட்ட பங்கா

11 ஜூலை 1955

இன்று முதல் நடப்பதையெல்லாம் உள்ளபடியே எழுதப் போகிறேன். நான் திட்டு வாங்கியதைக்கூட விடமாட்டேன்.

முதல் உண்மை: 27ஆம் தேதி தேர்தல். புக்கிட் ரோத்தானில் எங்கள் சாப்பாட்டுக் கடையில் வேறு பேச்சே இல்லை. அதிகம் பேசுபவர் அத்தா. "நான் கப்பல்ல வந்தவன். கப்பல் சின்னத்துக்குத்தான்!" ஆனால் அத்தாவுக்கு ஓட்டே இல்லை! இந்தியாவில் பனைக்குளத்தில் பிறந்தவர், மலாயாக் குடியுரிமை கிடையாது. வீட்டில் இருக்கும் ஒரே ஓட்டு, இங்கேயே பிறந்த அம்மாவுடையது.

கப்பல் கட்சிக்காரரான நாராயணசாமி வந்தார்; ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. "எங்க வீட்டு ஓட்டு ஒங்களுக்குத்தான் கிராணி" என்று அத்தா வாக்குக் கொடுத்தார். அடுப்படியிலிருந்து அம்மா, "எனக்குக் கப்பல் ஒத்துக்காதுங்க, வாந்தி வரும்."

17 ஜூலை

அழுதேன். ஆறாம் வகுப்போடு போதுமாம். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி டவுன் பள்ளிக்கூடம்? கம்யூனிஸ்ட்காரன் பஸ்ஸ மறிச்சுச் சுடுற காலம் இது." — அத்தா. பஸ்ஸில் பையன்கள் போகவில்லையா?

கப்பலை எதிர்த்து நிற்கும் யானைச் சின்னத்துக்காரர், பெண்பிள்ளைகளையும் மேலே படிக்க வைக்கவேண்டும் என்று கூட்டத்தில் பேசினாராம். அம்மாவிடம் சொன்னேன். மீனை அலசிக்கொண்டே, "யானையா?" என்று மட்டும் கேட்டார்.

24 ஜூலை

அம்மாவுக்கு ஓட்டுப்போடக் கற்றுக்கொடுத்தேன். கரியால் தரையில் கப்பலும் யானையும் வரைந்தேன். யானை ஆடு மாதிரி வந்துவிட்டது. பிடித்ததற்கு 'சரி' குறி போடச் சொன்னேன்.

"அது செல்லாதுடி. வேணுங்கிறவனுக்குப் பங்காதான் போடணும். லோரியில கத்திட்டுப் போறானே, காதுல விழலயா லா?"

பள்ளியில் பெருக்கல் குறி போட்டால் தப்பு. தேர்தலில் அதுதான் பங்கா, அதுதான் சரி! வகுப்பில் முதலாவது வருகிற எனக்கு இது தெரியவில்லை.

27 ஜூலை

அம்மா நல்ல சேலை உடுத்தி, முக்காடு போட்டுக்கொண்டு போய் வந்தார். அத்தா கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"கப்பலுக்குத்தானே?"

"பின்ன? கப்பலுக்குப் போட்டியா நிக்கிற யானை மேல பெருசா பங்கா போட்டுட்டு வந்தேன்."

அத்தா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பங்கா போட்டா அவனுக்குத்தான் ஓட்டு, மெகராஜு!"

"ஐயையோ! நம்ம அஜீஸா கணக்குல வாத்தியார் தப்புக்குத்தானே அதப் போடுறாரு?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு வடையைத் திணித்தார்.

29 ஜூலை

கப்பல் ஜெயித்துவிட்டது. ஆனாலும் கிராணி விடுவாரா? "பாய் வீட்டுக் கப்பல்ல யானை ஏறிடுச்சாமே!"

அத்தா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அம்மாதான் பதில் சொன்னார். "படிக்காதவ வேற என்ன செய்வா கிராணி? நாளைக்கு இவளும் இப்படித்தான் மாத்திப் போட்டுட்டு வரப்போறா."

கடையே சிரித்தது. அத்தா சிரிக்கவில்லை. டீ முழுக்க ஆறிப்போன பிறகு மெதுவாகக் கேட்டார்: "கிராணி... டவுன் பள்ளிக்கூடத்துல சேக்க யாரப் பாக்கணும்?"

24ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். உண்மையைக் கிழிக்கலாமா?

"இருக்கட்டும். உன் கோழிக் கிறுக்கல் அத்தாவுக்கு எங்க புரியப்போவுது? படு."

விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரி கோணலாகத்தான் இருக்கும்.