மேடையின் முதுகு

அக்கா,

நேற்றுப் பின்னேரம் நம் வாவிக்கரை ஒழுங்கையின் ஜாஸ் விழாச் சபை கூடி என்னைத் தலைவராகத் தெரிவு செய்தது. நீங்கள் இருந்த கதிரையில் நான் இன்னும் இருக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்தபடியே கூட்டத்தை முடித்துவிட்டு வந்தேன்.

இதை எழுதும்போது கடை மேசையில், மேடைக்கு அடிக்கிற உங்கள் நான்கு முளைகளும் கிடக்கின்றன. உங்கள் முப்பதாம் நாள் பூசைக்கு நான் வந்தபோது உங்கள் மகள் ஒரு துணிப்பையில் போட்டுத் தந்தாள். "அம்மா இத உங்களுக்கிட்டக் குடுக்கச் சொன்னா, மாமா" என்றாள். வேறு விளக்கம் இல்லை. உடைந்த துடுப்பொன்றை அறுத்துச் செய்த முளைகள். நீலச் சாயம் அங்கங்கே ஒட்டியிருக்கிறது. தலைப்பக்கம் அடி வாங்கி வாங்கி நார் நாராகப் பிரிந்துவிட்டது. வாவிச் சேற்றின் மணம் இன்னும் போகவில்லை.

நீங்கள் முதன்முதலாக என் கடைக்கு வந்தது கயிறு கேட்டு. அப்போது உங்களை எனக்குக் கல்யாண உடுப்புத் தைக்கிற பறங்கியர் வீட்டு அக்கா என்றுதான் தெரியும். வலையும் மிதப்பும் தொங்குகிற கடையில், கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்று, கூடாரம் கட்ட நைலோன் கயிறு வேண்டும், அதுவும் சும்மா வேண்டும் என்றீர்கள். என்ன விழா என்று கேட்டேன். உங்கள் அப்பாவின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த கதையையும், கோயிலிலும் கல்யாண வீட்டிலும் ட்றம்பெட் ஊதுகிறவர்களைச் சேர்த்து ஒரு ஜாஸ் விழா வைக்கப்போவதையும் சொன்னீர்கள்.

"எனக்கு அந்தப் பாட்டெல்லாம் விளங்காதக்கா."

"விளங்கத் தேவல்ல, முதலாளி. முடிச்சுப் போடத் தெரிஞ்சாக் காணும்."

கயிற்றைத் தந்தேன். விழாவில் கடைப் பெயரைச் சொல்வார்கள் என்ற எண்ணத்தில்தான் தந்தேன். நீங்கள் கடைப் பெயரையும் சொல்லவில்லை, என்னைச் சும்மா விடவுமில்லை. கட்டுவதற்கும் என்னையே கூப்பிட்டீர்கள். அடுத்த வருடம் நான் சபையில் மேடைப் பொறுப்பாளன்.

சபையில் நாம் ஏழு பேர். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. செயலாளர் கணக்குப் பாடம் எடுக்கிற டீச்சர். ட்றம் அடிக்கிறவன் ஓட்டோ ஓடுகிறவன். முதல் கதிரையைத் தூக்குவதும் கடைசிக் கதிரையைத் தூக்குவதும் தலைவர் என்பது நீங்கள் வைத்த சட்டம். இன்னொரு சட்டம் இந்த முளைகள். விழாவுக்கு ஒரு கிழமை முன்னர் ஏழு பேரும் கரைக்குப் போக, நீங்கள் அளவு நாடாவைப் பிடிக்க, மேடையின் நான்கு மூலைக்கும் முளை அடிப்போம். மேடையின் முகம் வாவிக்கு, முதுகு றோட்டுக்கு. ஆட்கள் மேடைக்கும் வாவிக்கும் இடையில் புல்லில் இருப்பார்கள்.

"றோட்டால போறவனுக்கு முதுகக் காட்டிக்கொண்டு ஆரும் கடை போடுவாங்களா?" என்று நான் கேட்டது ஞாபகமா?

"அக்கரையிலயும் ஆக்கள் இரிக்காங்க, முதலாளி" என்றீர்கள்.

அக்கரையான படுவான்கரைச் சனம் இருட்டுமுன் வீடு சேர்ந்துவிட வேண்டும். யானை இறங்குகிற வழி. பின்னேரம் நம் விழாவுக்கு வந்தால் திரும்பிப் போக இயலாது. அவர்கள் வர இயலாதென்றால் பாட்டு அங்கே போகட்டும் என்று முடிவு செய்தீர்கள். பின்னேரக் கடற்காற்று வாவியைக் கடந்து மேற்கே போகிற மாதம் எதுவென்று தோணிக்காரரிடம் கேட்டே விழாவுக்கு நாள் வைத்தீர்கள். எனக்கு அது தையற்காரியின் வீண் நுணுக்கமாகப் பட்டது.

மூன்றாம் வருடம் அந்தக் கொழும்புக் கம்பனி வந்தது. வெளிச்சமும் ஒலியும் முழுக்கத் தருகிறோம், மேடையின் நெற்றியில் எங்கள் பதாகை, அது றோட்டுக்குத் தெரிய வேண்டும் என்றார்கள். நீங்கள் கிளினிக்குக்காகக் கொழும்பு போயிருந்தீர்கள். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒண்ணா என்று மறுப்பீர்கள் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. விழா நாள் காலை அடித்திருந்த முளைகளைப் பிடுங்கி, மேடையை றோட்டுப் பக்கம் பார்க்க வைத்து அடித்தேன். சபையிடம், "அக்கா ஓம் எண்டிட்டா" என்று சொன்னேன்.

நீங்கள் மத்தியானம் பஸ்ஸால் இறங்கி நேரே கரைக்கு வந்தீர்கள். கையில் மருந்துப் பை. டீச்சர் ஓடிவந்து, "நீங்க சொன்ன மாதிரியே மேடையத் திருப்பிட்டம் அக்கா" என்றார். நீங்கள் மேடையைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தேன்.

"ஓம் டீச்சர். நல்லா வந்திரிக்கி" என்றீர்கள்.

மருந்துப் பையை வைத்துவிட்டு ஒரு கதிரையைத் தூக்கினீர்கள். என்னைக் கடந்து போகையில், "அந்த முடிச்சு இறுகல்ல, முதலாளி. பாத்துக் கட்டுங்க" என்றீர்கள். அதற்குமேல் அதைப் பற்றி என்னோடு ஒரு சொல் பேசவில்லை, அன்றைக்கும் பிறகும்.

அன்று றோட்டு நிறையச் சனம். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து, அக்கரையிலிருந்து என்னிடம் வலை வாங்க வருகிற சின்னத்தம்பி அண்ணன் கடைக்கு வந்தார்.

"என்ன முதலாளி, இந்த முற விழா ஒழுங்கா நடக்கல்லயா? நாங்க பாயும் விரிச்சுக் கரையில குந்திக்கொண்டு இருந்தம். என்னமோ புறுபுறுத்தது மட்டும்தான் கேட்டிச்சு."

"ஸ்பீக்கர் பெட்டி பழுதாப் போச்சண்ணன்" என்றேன். அது இரண்டாவது பொய். ஒரு கட்டு நூலைக் கூடுதலாகப் போட்டு அனுப்பிவைத்தேன்.

அடுத்த வருடம் முளைகள் பழைய இடத்துக்கே போயின. நீங்கள் நாடாவைப் பிடித்தீர்கள், நான் அடித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். உங்கள் உடம்பு வருத்தம் கூடக் கூட, இப்போது இதைச் சொல்லி என்ன என்று தள்ளிப்போட்டேன். அக்கரையில் அவர்கள் பாய் விரித்துக் காத்திருந்தது உங்களுக்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும் என்று ஒரு சாட்டு வைத்திருந்தேன்.

அந்தச் சாட்டும் உங்கள் செத்த வீட்டில் போய்விட்டது. சின்னத்தம்பி அண்ணன் ஒன்பது பேரோடு தோணியில் வந்திருந்தார். என் பக்கத்தில் வந்து இருந்து, மெதுவாகச் சொன்னார்.

"பெட்டி பழுதாப் போன அந்த வருசம், மறுகா வந்த ஞாயித்துக்கிழம இவ எங்கட கரைக்கு வந்தா. ட்றம்பெட்காரரையும் கூட்டிக்கொண்டு. ஒரு மணித்தியாலம் நிண்டு வாசிக்க வெச்சா. 'மேடையத் திருப்பினது நான்தான், பிழை என்னில, கோவிக்காதீங்க' எண்டா. நாங்க எதுக்குக் கோவிக்க?"

அவர் இன்னும் சொன்னார்.

"அப்ப நான் கேட்டன், முதலாளி பெட்டி பழுதெண்டாரே எண்டு. 'ஓம், அதும்தான்' எண்டா."

அக்கா, முப்பது வருடமாக நான் வியாபாரம் செய்கிறேன். சரக்குப் பிழைத்தால் லொறிக்காரன்மேல் போடுவேன். லொறிக்காரன் கிளீனர்மேல் போடுவான். ஒருவன் செய்த பிழையை, அவனுக்குத் தெரியாமல் தன் தலையில் எடுத்துக்கொண்டு, அதுவும் வருத்தக்கார உடம்போடு தோணி ஏறிப் போய் மன்னிப்புக் கேட்ட ஆளை நான் கண்டதில்லை. கண்டிருந்தேன்தான், ஆறு வருடம். பக்கத்தில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தும் எனக்குத் தெரியவில்லை.

நேற்று டீச்சர் என் பெயரைச் சொன்னதும் எழும்பி நின்றேன். முளைகளை மேசையில் வைத்தேன். உங்களிடம் சொல்லாததை அவர்களிடம் சொன்னேன், இரண்டு பொய்யையும் சேர்த்து.

ட்றம்காரன்தான் முதலில் வாய் திறந்தான். "இதச் சொல்ல இவ்வளவு காலமா, முதலாளி? அக்கா கிடந்த கிடையில வந்து சொல்லியிருக்க ஏலாதா?"

"வேற ஆளப் போடுங்க" என்றேன்.

டீச்சர் ஒரு முளையை எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, "இது ஏன் உங்களுக்கு வந்தது எண்டு யோசிச்சீங்களா?" என்று கேட்டார். "ஒருக்காப் பிழையா அடிச்ச ஆள் நீங்க. இனிப் பிழையா அடிக்க மாட்டீங்க எண்டு அக்கா நினைச்சிருப்பா."

மிச்சமிருந்த ஐவரில் நாலு பேர் கை உயர்த்தினார்கள். ட்றம்காரன் உயர்த்தவில்லை. அவனில் எனக்குக் கோபம் இல்லை. கூட்டம் முடிந்து நான் கடைசிக் கதிரையைத் தூக்கியபோது அவன் வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தான்.

இன்று காலை அந்தக் கம்பனியின் ஆள் திரும்பவும் வந்தார். நீங்கள் இல்லை என்று கேள்விப்பட்டிருப்பார். பழைய பேச்சுத்தான், மேடை றோட்டைப் பார்க்க வேண்டும் என்றார். அவரைக் கரைக்குக் கூட்டிப்போனேன். உங்கள் இடத்தில், உங்கள் அளவில், முகம் வாவிக்கு வரும்படி நான்கு முளையையும், அடிக்காமல், காட்டுவதற்கு மட்டும் ஊன்றினேன். பின் முளை இரண்டுக்கும் நேரே கம்பு நட்டு, கடையிலிருந்து கொண்டுபோன நீலப் படங்குத் துணியை விரித்துக் கட்டினேன். பிறகு அவரை றோட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"என்ன தெரியுது, தம்பி?"

"மேடையிட முதுகு."

"எவ்வளவு பெரிய முதுகு எண்டு பாருங்க. நெற்றியில என்ன இருக்கு, ரெண்டு முழம். இது முழு அகலம். றோட்டால போற ஒவ்வொருத்தனும் இதத்தான் பாப்பான்."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தை விற்காமல் முதுகை விற்கலாம் என்பது அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். விற்றுப் பிழைக்கிறவன் நான். ஒரு பொய் சொல்வது அன்று சுலபமாக இருந்தது, அதனால் யோசிக்கவில்லை.

நீங்கள் அன்று சொன்ன அந்த "ஓம்" என்னோடுதான் இருக்கும், அக்கா. அதை இறக்கி வைக்க இனி ஆள் இல்லை.

பேசி முடித்தது இதுதான். கம்பனியின் பதாகை மேடையின் முதுகில், றோட்டைப் பார்த்து. மேடையின் முகத்தில் அவர்கள் பெயர் ஓர் எழுத்தும் வராது. மூன்று வருடத்துக்கு வெளிச்சமும் ஒலியும் அவர்கள் பொறுப்பு. ஸ்பீக்கர் பெட்டிகளில் இரண்டு அக்கரைக்கு நேரே. விழாத் திகதியை நாங்கள் வைப்போம், தோணிக்காரரிடம் காற்றைக் கேட்டு. முளையைச் சபை அடிக்கும். அடித்த முளையைத் தலைவர் உட்பட ஒருவரும் பிடுங்குவதில்லை.