கத்தரிக்குத் தப்பிய கடிதங்கள்

இன்று காலை கடையில் ஒரு சிவப்புப் பட்டுத்துணி சாயம் விட்டது. துபாய் சத்வாவில் எங்கள் தெருத் தையல்காரர்கள் எல்லாரும் செய்வதுபோல, தண்ணீரில் உப்பும் வினிகரும் கலந்து அதை ஊறவைத்தேன். ஏசியை நிறுத்தி வைத்திருந்ததால் வாடை கடை முழுக்க ஏறிவிட்டது. வெளியே போய் நின்றேன். உள்ளே இருந்த தையல் மாஸ்டர் எட்டிப்பார்த்து, தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையில் எனக்கு யாரையாவது ஓங்கி அறையவேண்டும்போல இருந்தது. நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் உன்னை நினைத்தால் அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

வினிகர் வாடை அடிக்கிறதா என்று நீ என்னிடம் கேட்டதும் இந்தக் கடையில்தான். சுடிதாருக்கு அளவு கொடுக்க வந்தவள், கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாய். உள்ளே பழுப்பேறிய ஒரு கடிதம். அதற்குத் தனி உறை கிடையாது. எழுதிய தாளையே நான்காக மடித்து அரக்கு வைத்து ஒட்டியிருந்தார்கள். நடுவில் கத்தியால் குத்திய இரண்டு கீறல்கள்.

"மோந்து பாருங்க ராத்தா. வினிகர் அடிக்குதா இல்லையா?"

எனக்குப் பழைய காகித வாடைதான் தெரிந்தது. நீ ஒப்புக்கொள்ளவில்லை. காலரா பரவிய காலத்தில் ஸ்வீடனுக்குக் கப்பலில் வந்த கடிதங்களை, கோத்தன்பர்க் துறைமுகத்துக்கு வெளியே ஒரு தீவில் நிறுத்தி, கத்தியால் குத்தி, வினிகர் தெளித்து, புகை காட்டின பிறகுதான் ஊருக்குள் விட்டார்களாம். உன்னோடு ஷார்ஜா ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு ஸ்வீடன்காரப் பெண் ஊருக்குத் திரும்பும்போது இதை உனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். நாள் முழுக்கக் கண்ணாடித் தட்டில் கிருமி தேடுகிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது. கொரோனா சமயத்தில் நாம் தக்காளியையும் பால் பாக்கெட்டையும் கழுவிக்கொண்டிருந்தபோது, "அவங்க கடுதாசியக் கழுவுனாங்க, நாம தக்காளியக் கழுவுதோம்" என்று போனில் சொல்லிச் சிரித்தாய்.

நான் காயல்பட்டினம், நீ தூத்துக்குடி. ஊரில் இருந்திருந்தால் ஒரே பஸ்ஸில் போயிருந்தாலும் பேசியிருக்க மாட்டோம். இங்கே வந்து, என் பேச்சைக் கேட்டு, எங்கள் ஊர்ப் பெண்கள் மூத்தவளைக் கூப்பிடுகிற மாதிரி நீயும் என்னை ராத்தா என்று கூப்பிட ஆரம்பித்தாய். லீவு நாளில் கடையை மாஸ்டரிடம் விட்டுவிட்டு உன் ஃபிளாட்டுக்கு வருவேன். நீ மீன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, கடிதங்களை மேசையில் விரிப்பாய். நான் குழம்பைப் பார்த்துக்கொள்வேன். தீய்ந்துபோனால் திட்டு எனக்குத்தான் விழும்.

ஒரு கடிதம் பத்தாயிற்று, பத்து மூன்று பெட்டியாயிற்று. தபால்தலையே வராத காலத்துக் கடிதங்கள்தான் உனக்கு உயிர். அதில் ஒன்றின் அரக்கில் ஒரு பறவைச் சிறகு செருகியிருந்தது. சிறகு இருந்தால் அவசரம், பறந்து போ என்று அர்த்தமாம். ஒரு பெட்டியில் ஸ்வீடனின் முதல் தபால்தலைகள், ஒட்டப்பட்ட கடிதங்களோடேயே இருந்தன. ஆன்லைன் ஏலத்தில் ராத்திரி ஷிஃப்ட்டுக்கு நடுவே காத்திருந்து எடுத்தவை. தலையை மட்டும் தனியாக எடுத்து ஆல்பத்தில் ஒட்டக்கூடாதா, இடம் மிச்சமாகுமே என்று ஒருமுறை கேட்டேன். உன் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"ஒருத்தரோட கண்ண மட்டும் நோண்டி எடுத்து வச்சுக்கிட்டு, இதுதான் அவருன்னு சொல்வீங்களா?"

பிறகு பொறுமையாகக் காட்டினாய். முத்திரையில் பாதி தலையிலும் பாதி தாளிலும் விழுந்திருக்கும். எந்த ஊரில் போட்டது, எந்த வழியில் போனது, யார் கையில் சேர்ந்தது, எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் அது கடிதம். வெட்டிவிட்டால் வெறும் வண்ணக் காகிதம்.

உனக்கும் கோபம் வரும். அதனால்தான் நமக்கு ஒத்துப்போனது. ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே இருக்கும் கடலில் தபாலைக் கொண்டுபோக வேண்டியது கரையோரத்து விவசாயிகளின் கடமையாக இருந்ததாம். குளிர்காலத்தில் பாதிக் கடல் உறைந்துவிடும். படகைப் பனிமேல் இழுத்து, தண்ணீர் வந்ததும் அதிலேயே ஏறித் துடுப்புப் போடுவார்கள். பனி உடைந்து பலர் செத்திருக்கிறார்கள். அந்த வழியாக வந்த ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாய்: "அனுப்புனவன் பேரு இருக்கு. வாங்குனவன் பேரு இருக்கு. சுமந்தவன் பேரு மட்டும் எங்கயும் இல்ல ராத்தா." உன் அப்பா தூத்துக்குடியில் தோணியில் சரக்குக் கொண்டுபோனவர். நீ யாருக்காகக் கோபப்பட்டாய் என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம் உன் வீட்டாரிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன். கல்யாணம் வேண்டாம் என்று நீ இருந்துவிட்டதில் இருந்தே அவர்களுக்கு உன் ஒவ்வொரு காரியத்துக்கும் விளக்கம் தேவைப்பட்டது. "சொன்னா எதுக்குன்னு கேப்பாங்க. பதில் சொல்லத் தேவையில்லாத ஒண்ணே ஒண்ணு என்கிட்ட இருந்துட்டுப் போகட்டுமே" என்றாய். அன்றைக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போது உன் வாய்க்கு நீயே பூட்டுப் போட்டுக்கொண்டதற்காக உன்மேலும் எனக்குக் கோபம்.

டியூட்டியில் இருக்கும்போதே விழுந்தாய். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. உன் தம்பி விசிட் விசாவில் வந்தான். உன் கம்பெனி ஆள் அவனுக்குக் கைகொடுத்து வருத்தம் சொன்ன அதே மூச்சில், ஃபிளாட் சாவி எப்போது வரும் என்று கேட்டான். அந்த இடத்துக்கு வேறு ஸ்டாஃப் வருகிறாராம். நீ அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது மைக்ரோபயாலஜி பிரிவுக்கு ஒரு ஒழுங்கான அலமாரிகூடக் கிடையாது என்று சொல்லியிருக்கிறாய். அதை உருவாக்கினவள் போய் உடல்கூட ஊர் போய்ச் சேரவில்லை, அதற்குள் சாவி. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். உன் தம்பி என் கையைப் பிடித்துத் தடுத்தான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரவெல்லாம் தூங்காத முகம். ஆகவே அடங்கிக்கொண்டேன். கடிதங்களைப் பற்றி மறுநாள் காலை வந்து விவரமாகச் சொல்கிறேன், அதுவரை அந்த மூன்று பெட்டிகளைத் தொடவேண்டாம் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

காலையில் வந்தபோது கதவு திறந்து கிடந்தது. கட்டிலின்மேல் சூட்கேஸ்கள். உன் மேசையில் சமையலறைக் கத்தரி. அதன் பக்கத்தில் ஒரு இனிப்புப் பெட்டி, அதற்குள் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தபால்தலைகள். ஒவ்வொன்றையும் ஓரம் பிசகாமல் வெட்டியிருந்தான்.

பெட்டிகள் எங்கே என்று கேட்டேன்.

"கீழ போட்டாச்சுக்கா. லக்கேஜ் வெயிட் தாங்காதுல்லா. நீங்க சொன்னீங்கன்னுதான் ஸ்டாம்ப எல்லாம் வீணாக்காம வெட்டி வச்சிட்டேன். பிள்ளைங்களுக்கு ஆகும்."

"ஸ்டாம்பே இல்லாத கடுதாசி?"

"அது வெறும் பழைய பேப்பருதான அக்கா."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. அக்கா பதினைந்து வருஷமாகச் சேர்த்ததை ஒரு ராத்திரியில் கறிக்கடை மாதிரி அறுத்துவிட்டாயே என்று கேட்டது நினைவிருக்கிறது. அவன் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. புரியாமல் விழித்தான். அந்த விழிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் ஒரு அறை விட்டுவிட்டு ஆறியிருப்பேன்.

கீழே ஓடினேன். குப்பைத்தொட்டி காலி. கட்டடக் காவல்காரர் பெஷாவர்க்காரர், உன்னை அவருக்குத் தெரியும். அவர் சர்க்கரை ரிப்போர்ட்டை நீதான் எப்போதும் படித்துச் சொல்வாய். காகிதமும் அட்டையும் எடுக்கிற பிக்கப் வண்டி காலையிலேயே வந்து போய்விட்டதாகவும், தொழில்பேட்டையில் ஒரு யார்டில்தான் இறக்குவார்கள் என்றும் இந்தியில் சொன்னார். அந்த டிரைவருக்குப் போன் போட்டு இடத்தையும் கேட்டு வாங்கித் தந்தார்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் அந்த யார்டைக் கண்டுபிடிக்க வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மலைபோல அட்டைகள். அவற்றை அழுத்திக் கட்டுகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அபாயா அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் உள்ளே போனதும் வேலையாட்கள் திகைத்து நின்றார்கள். ஒரு வங்காளத்து ஆள் வந்து, "க்யா சாஹியே, பாஜி?" என்று என்ன வேண்டுமெனக் கேட்டார். செத்துப்போன என் தங்கச்சியின் கடிதங்கள் என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். சூப்பர்வைசர் "யல்லா, யல்லா" என்று அந்தப் பக்கமிருந்து அவசரப்படுத்திக் கத்தியதற்குக் கையை மட்டும் அசைத்தார். காலையில் வந்த குவியலைக் கம்பியால் கிளறினார், நான் கையால் கிளறினேன்.

பெட்டிகளில் இருந்ததை உன் தம்பி கொட்டி எறிந்த கறுப்புப் பைகளில் ஒன்று கிடைத்தது. மற்றது ஏற்கெனவே இயந்திரத்துக்குள் போய்விட்டிருக்க வேண்டும்.

உன் முதல் தபால்தலைக் கடிதங்களை அங்கேயே, மண்ணில் உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் மேல்மூலையில் ஒரு சதுர ஓட்டை. முத்திரையின் பாதி வட்டம் ஓட்டையின் விளிம்பில் வந்து அறுந்து நின்றது. எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது, விலாசம் இருந்தது. முகத்தில் குழி விழுந்த ஆட்கள் வரிசையாக என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. தலை ஒட்டாத பழைய கடிதங்களை மட்டும் கத்தரி தொடவில்லை. ஒன்றுக்கும் ஆகாதென்று அவன் அப்படியே எறிந்ததால் அவை பிழைத்தன. காலராக் கடிதமும் இருந்தது. சிறகுக் கடிதத்தில் அரக்கு பாதி உடைந்திருந்தது, சிறகைக் காணவில்லை. பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினேன். அந்த வங்காளத்து ஆள் தரையில் குனிந்து, என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே கூடத் தேடினார்.

உன் உடலோடு உன் தம்பி ஊருக்குப் போனான். விமான நிலையத்தில் அவனோடு நான் பேசவில்லை.

எல்லாரும் விட்டுவிடு என்கிறார்கள். அறியாமல் செய்தான், அவனுக்கும் அக்கா செத்த துக்கம்தானே என்கிறார் என் வீட்டுக்காரர். உண்மைதான். அறியாமல் செய்தான். ஆனால் அறிந்துகொள்ள அவனுக்கு எத்தனை வருடம் இருந்தது! லீவுக்குப் போகும்போதெல்லாம் பெட்டி நிறையச் சாமான் கொண்டுபோனாயே, ஒரு தடவையாவது யாராவது உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீ அங்கே சாயங்காலம் என்ன செய்வாய் என்று கேட்டார்களா? கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். எனக்குத் தெரியும். கேட்க ஆளில்லாததால்தான் சொல்லத் தேவையில்லை என்று வீம்பு பேசினாய். அந்த வீம்பை நான் நம்பியதுதான் எனக்கு எரிகிறது.

போன மாதம் அவன் போன் செய்தான். எடுக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். மூன்றாவது தடவை எடுத்தேன். அவனுடைய மகள் அந்தத் தலைகளை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாளாம். அத்தை ஏன் இந்த ஒரே நாட்டுத் தலையை மட்டும் சேர்த்தாள் என்று கேட்கிறாளாம், அவனுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். நான் கடிதங்களை மீட்டது என் வீட்டுக்காரர் மூலம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவற்றை அக்கா நினைவாக அனுப்ப முடியுமா என்று மெதுவாகக் கேட்டான்.

"தரமாட்டேன்" என்றேன்.

அவன் சரி என்றான். போனை வைப்பான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அக்கா, அவளுக்கு வேற என்னல்லாம் பிடிக்கும்?"

கூடப் பிறந்தவன் அடுத்தவளிடம் கேட்கிறான். போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு வெட்டிய ரவிக்கை இரண்டும் அளவு தப்பின.

மறுநாள் நானே கூப்பிட்டேன். ஆறிப்போய்க் கூப்பிடவில்லை. உனக்குப் பனிக்கட்டி போடாத கரும்புச்சாறு பிடிக்கும் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். சர்ச்சில் பின்வரிசையில் உட்கார்ந்து தப்புத் தப்பாகப் பாடப் பிடிக்கும், புஜைரா போகிற வழியில் மலை தெரிந்ததும் காரை நிறுத்தச் சொல்வாய், புதுத்துணியை முதல்நாள் வீட்டுக்குள்ளேயே உடுத்திப் பார்ப்பாய், கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பாய். இதெல்லாம் என்னிடம் இருக்கிறது. இப்போது வாரம் ஒருதடவை அவன் கூப்பிடுகிறான். கேட்டால் ஒன்று சொல்கிறேன். கேட்காவிட்டால் சொல்லமாட்டேன். அவன் கேட்கட்டும்.