சுனைக்குள் போன அம்மிக்குழவி

இன்று காலை மில்லுக்கு உமி வாங்கப் போயிருந்தேன். மூட்டையைத் தூக்கிவிட்டவரின் மீசை நிறைய உமி. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நீங்கள் போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது. தாலியறுத்தவள் நடுத்தெருவில் நின்று இப்படிச் சிரிக்கலாமா? பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. எல்லாம் உங்களால் வந்தது. அதனால்தான் உங்களைத் திட்டி நாலு வரி எழுத உட்கார்ந்தேன். நாலாம் வகுப்போடு நின்ற எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலூரோடு தண்ணீர்த் தகராறு வந்த அந்த வருஷம் பூதப்பாண்டிப் பக்கம் எல்லார் வயலிலும் மாசியில் அறுக்கும் கும்பப்பூப் பயிர் பச்சைப்பசேலென்று நிற்க, நம் ஊர் வயல் மட்டும் பாளம் பாளமாக வெடித்தது. மலைமேல் பாறைக்குகைக்குள் இருக்கும் சுனைதான் பூமிக்கடியில் ஓடி வந்து நம் குளத்தில் ஊறுகிறது என்பது ஊரறிந்த விஷயம். மேலூர்க்காரர்கள் சுனை வாயில் புதிதாக ஓடை வெட்டித் தண்ணீரைத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். கேட்டால், உங்களுடையது மழைக்குளம், எங்கள் சுனைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றார்கள். தாசில்தார் இரண்டு பக்கமும் கேட்டார். இரண்டும் ஒரே தண்ணீர் என்று காட்டினால் ஓடையை அடைக்க உத்தரவு போடுகிறேன் என்றார். பயிர் பத்து நாள் தாங்கினால் அதிகம்.

சுனையில் உமியைக் கொட்டுவோம், நம் குளத்தில் வந்து மிதக்கும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. கொட்டிய உமி நேராகப் புது ஓடை வழியே மேலூருக்குப் போய்ச் சேர்ந்தது. பாறைக்கு அடியில் முங்கி உள்ளே போய், தண்ணீர் பூமிக்குள் இறங்கும் பொந்தருகே கொட்டினால்தான் உண்டு. யார் வீட்டுக் கிணற்றில் செம்பு விழுந்தாலும் முங்கி எடுப்பவர் நீங்கள். கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நான் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். கட்டியவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நாலு நாள் நம் கிணற்றில் ஒத்திகை. நீங்கள் முங்க, நான் மேலே நின்று களத்தில் நெல் அளப்பதுபோல 'லாபம், ரெண்டு, மூணு' என்று எண்ண வேண்டும். எண்பது வரை மூச்சுப் பிடித்தீர்கள். ஆனால் உமி மூட்டையைக் கட்டிக்கொண்டதும் ஒரு முழம்கூட இறங்க முடியவில்லை. மிதக்கும் என்றுதானே உமியைத் தேர்ந்தெடுத்தார்கள். மூட்டையாகக் கட்டினாலும் அது மிதக்கும் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊறவைத்தால் இறங்கும் என்றார் ஒருவர். ஊறின உமி பிறகு எப்படி மிதந்து வரும் என்று நான்தான் கேட்டேன். அப்படிக் கேட்டதற்குத் தண்டனை, கனத்துக்கு என் அம்மிக்குழவியைத் தூக்கினீர்கள். என் அம்மை சீராகத் தந்த குழவி. அது தொலைந்தால் வீட்டுப் படி ஏறாதீர்கள் என்று சொன்னேன். வாய் சும்மா இருக்காதே எனக்கு.

அன்று இரண்டு ஊரும் பாறைமேல் கூடியிருந்தது. தாசில்தார் குடைக்கடியில் இருந்தார். கோவணத்தோடு நின்ற உங்கள் இடுப்பில் கயிறு, அதே கயிற்றில் குழவி, கையில் மூட்டை. கயிற்றின் மறுமுனையை நம் ஆட்கள் நாலு பேர் பிடித்திருந்தார்கள். கறுத்த தண்ணீருக்குள் போனீர்கள். நான் எண்ணினேன். எண்பது தாண்டியது. நூறு தாண்டியது. நூற்றிருபதில் எண்ணுவதை விட்டுவிட்டுக் கயிற்றருகே ஓடினேன். கயிற்றை இழுங்கள் என்று யாரோ சொல்ல, மேலூர்க்காரர்களும் ஓடி வந்து சேர்ந்து பிடித்தார்கள். கயிற்றின் முனையில் வந்தது என் குழவி மட்டும். அதை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கல்லுக்காகவா அவரை அப்படிச் சொன்னேன் என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு தலை வந்தது. முடியெல்லாம் உமி, மீசையெல்லாம் உமி. மூச்சு வாங்கிக்கொண்டே நீங்கள் கேட்ட முதல் கேள்வி:

"ஏட்டி, கொழவி வந்துட்டா?"

உள்ளே மூட்டை உங்களைக் குகையின் கூரைக்கு இழுத்துப்போயிருக்கிறது. அங்கே ஒரு சாண் இடைவெளியில் காற்று இருந்ததால் பிழைத்தீர்கள். மூட்டையைக் கிழித்து உமியைக் கொட்டிவிட்டு, கீழே இழுத்த குழவியைக் கழற்றுகிறேன் என்று உயிர்க்கயிற்றையே அவிழ்த்துவிட்டிருக்கிறீர்கள். இத்தனையும் பிறகுதான் தெரிந்தது. தாசில்தார் மேலே வரச்சொல்லிக் கூப்பிட்டும் நீங்கள் கழுத்தளவுத் தண்ணீரில் கைகூப்பியபடி நின்றீர்கள். சாமி கும்பிடுகிறார் என்று சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கயிற்றை அவிழ்த்தபோது கோவணமும் அவிழ்ந்து உள்ளே போய்விட்டது என்று எனக்கு மட்டும் புரிந்தது. தலை துவட்ட வைத்திருந்த துவர்த்தைத் தூக்கி எறிந்தேன்.

மறுநாள் காலை நம் குளத்தில் உமி மிதந்தது. நம் ஆட்கள் குதித்தார்கள். மேலூர்த் தலைவர் சிரித்தார். உங்கள் பெண்கள் தினமும் இந்தக் கரையில்தானே நெல்லுக் குத்திப் புடைக்கிறார்கள், இந்தக் குளத்தில் உமி மிதக்காத நாள் எது என்று கேட்டார். அது உண்மைதான். தாசில்தார் வண்டியில் ஏறக் கால் எடுத்துவைத்தார். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நேரத்தில் வடமூலை ஊற்றுக்கண்ணிலிருந்து ஒரு துணி மெல்ல விரிந்துகொண்டு மேலே வந்தது. கம்பால் தூக்கினார்கள். கத்தரிப்பூ நிறம், சிவப்புக் கரை, கோவணம். யாருடைய கோவணமோ, அதில் பேரா எழுதியிருக்கிறது என்றார் மேலூர்த் தலைவர். நீங்கள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கோட்டாற்றுக் கடையில் வாங்கிய என் சேலையை எனக்குத் தெரியாதா? மூட்டையும் குழவியும் மறைத்ததில் முந்தின நாள் அது என் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தால், சேலையில் ஒரு மூலையைக் காணோம். அப்படியே அள்ளிக்கொண்டு வந்து, இரண்டு ஊர் ஆண்களுக்கும் நடுவில் நின்றேன்.

"ஏமானே, இது எனக்க சேல. அது எனக்க வீட்டுக்காரரு நேத்து உடுத்திருந்தது."

தாசில்தார் இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். இழைக்கு இழை பொருந்தியது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு உத்தரவை எழுதினார். கோவணத்தை அத்தாட்சி என்று அரக்கு முத்திரை வைத்துக் கேஸ் கட்டோடு கொண்டுபோனார். மூன்றாம் நாள் குளம் ஊற ஆரம்பித்தது. பயிர் பிழைத்தது.

நீங்கள்தான் ஒரு மாதம் தெருவில் இறங்கவில்லை. பொண்டாட்டி என் கோவணத்தைச் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று முணுமுணுத்தீர்கள். சேலைக்காக நானும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் இத்தனை பழந்துணி கிடக்க அதை ஏன் வெட்டினீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்:

"ஒனக்க சேல இடுப்புல இருந்தா உள்ள பயம் வராதுன்னு தோணிச்சு."

பாவி மனுஷா! இன்னும் ஒரு அகப்பை குழம்பு ஊற்றிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதேன்.

உங்கள் வேட்டி, துவர்த்து எல்லாம் பதினாறாம் நாள் கொடுத்தாயிற்று. அந்தச் சேலையை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. நான் போகும் நாளில் அதைத்தான் என்மேல் போர்த்த வேண்டும் என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் விரித்துப் பார்த்துவிட்டு, மூலை இல்லாமல் இருக்கிறதே, ஒட்டுப் போட்டு வைக்கட்டுமா அத்தை என்று கேட்டாள். வேண்டாம், மீதித் துணி சர்க்கார் வசம் பத்திரமாக இருக்கிறது என்றேன்.